ஆயிரத்து இருநூறு கலோரி: ஓர் எண் பெண்ணின் தட்டுக்கு வந்த கதை

எடையைக் குறைக்க நினைக்கும் பெண்ணுக்கு யாராவது ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். நாளொன்றுக்கு 1200 கலோரி. ஜிம்மில் சொல்கிறார்கள். கைபேசிச் செயலி சொல்கிறது. கல்லூரி ஓய்வறையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருக்கும் சக ஆசிரியை சொல்கிறார். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் விடுதி மாணவி சொல்கிறாள். அவள் உயரம் என்ன, வயது என்ன, நின்றபடி வேலை செய்கிறாளா உட்கார்ந்தபடியா, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளா என்று அந்த எண் கேட்பதில்லை. அதற்கும் கீழே 1000, 800 என்று இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் எடை மெஷின் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது. மூன்றாம் வாரம் முள் நகர மறுக்கிறது. ஐந்தாம் வாரம் ஒரு நாள் நடுஇரவில் எழுந்து சமையலறைக்குப் போகிறாள். மறுநாள் காலை, 'எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை' என்கிறாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மறுப்பதற்காகவே இக்கட்டுரை. முள் நின்றுபோவதும் பசி நடுஇரவில் எழுப்புவதும் உடலின் செயல்கள். ஆய்வகங்களில் அவற்றை அளந்து எழுதிவைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் ஆண்களின் உடல்களில் அளந்தார்கள். அளந்தபோது அதற்குப் பட்டினி என்று பெயரிட்டார்கள். பெண்ணின் உடலில் அதுவே நிகழும்போது 'டயட்' என்கிறோம். அது முறிந்தால் அவள் குணத்தைக் குறை சொல்கிறோம். இந்தப் பெயர்மாற்றம் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மதராஸில் ஒரு பவுண்டு

ஓர் உடலுக்குக் குறைந்தது எவ்வளவு உணவு போதும் என்ற கேள்வி, கலோரிக் கணக்கு வழக்கத்துக்கு வரும் முன்பே நம் மண்ணில் கேட்கப்பட்டது. கேட்டது அரசாங்கம்.

தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்ன 1876–78 பஞ்சத்தில், வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். நிவாரணச் செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட பணி. கல் உடைத்தும் மண் சுமந்தும் பிழைத்துக்கிடந்த மக்களின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானியத்துக்கான விலையும் சிறு காசும் என்று அவர் சுருக்கினார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலை இந்த அளவு தேய்த்துவிடும் என்பது அவர் வாதம். இருவருக்கும் நடந்த எழுத்துப் போருக்குப் பின் சில மாதங்களில் மதராஸ் அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது. வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் பின்னாளில் டெம்பிள் கூலியின் உணவு மதிப்பை 1,627 கலோரி என்று காட்டினார். நிவாரண வேலையில் பெண்ணுக்கான கூலி ஆணுடையதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1,627 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பத்துக்கு எட்டு

உணவைக் கலோரியில் அளப்பதை அமெரிக்காவில் நிலைநிறுத்தியவர் வேதியியலாளர் வில்பர் ஆட்வாட்டர். கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1890களில் ஒரு சிறு அறையைக் கட்டினார். ஆள் அதற்குள் சில நாட்கள் தங்குவார். உண்பார், உறங்குவார், மிதிவண்டி போன்ற கருவியை மிதிப்பார். அவர் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பமும் மூச்சுக்காற்றும் அளக்கப்படும். ஒரு கிராம் புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4 என்று இன்று பிஸ்கட் உறையின் பின்னால் நாம் படிக்கும் கணக்கு ஆட்வாட்டரின் உழைப்பிலிருந்து வந்தது.

யாரையும் மெலியச் செய்வது அவர் நோக்கமாக இல்லை. குறைந்த கூலியில் வாழும் தொழிலாளி குடும்பம் கொடுக்கும் காசுக்கு எந்த உணவில் அதிக ஆற்றலும் புரதமும் பெறலாம் என்பதே அவர் கேள்வி. அதற்காகக் குடும்பங்களின் உணவைக் கணக்கெடுத்தபோது ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. மிதமான உடலுழைப்புச் செய்யும் ஆண் 1, பெண் 0.8. அதாவது ஆணுக்குப் பத்துப் பங்கென்றால் பெண்ணுக்கு எட்டு.

சராசரியாகப் பெண்ணின் உடல் சிறியது, தசை குறைவு; எனவே ஆற்றல் தேவையும் குறைவு என்பது உடலியல் உண்மைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660. வகுத்துப் பார்த்தால் அதே பத்துக்கு எட்டுதான். ஆனால் அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு வரிசைகள் இருக்கின்றன. மிதமான உழைப்புள்ள பெண்ணுக்கு 2,130. கடும் உழைப்புள்ளவளுக்கு 2,720. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் கூடுதலாக 600. வீட்டு வேலை உழைப்பாக எண்ணப்படாத சமூகத்தில், தண்ணீர் தூக்கி, மாவாட்டி, துணி துவைத்து, பேருந்தில் நின்று, வேலைக்கும் போய் வருகிற பெண் எந்த வரிசையில் நிற்கிறாள்? அவளைக் கேட்டால் பெரும்பாலும் முதல் வரிசையைத்தான் காட்டுவாள். 'வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' என்று சொல்லிப் பழகிய வாய் அது.

1918: ஒரு புத்தகம், ஒரு சிறு அறை

ஆட்வாட்டரின் ஆய்வக அளவை நடுத்தரவர்க்கப் பெண்ணின் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண். லுலு ஹன்ட் பீட்டர்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மருத்துவர். அமெரிக்காவில் பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த காலத்தில், 1909இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஒருகாலத்தில் 220 பவுண்டு எடை இருந்தவர். கிட்டத்தட்ட 100 கிலோ. அதில் 70 பவுண்டைக் குறைத்தார். தன் அனுபவத்தையும் படிப்பையும் கலந்து அவர் எழுதிய, கலோரிகளுக்குத் திறவுகோல் தருவதாகத் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்ட 'உணவும் உடல்நலமும்' என்ற நூல் 1918இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் விற்பனைப் பட்டியலில் நின்று இலட்சக்கணக்கில் விற்றது. 1922 முதல் அவருடைய பத்தி நாடெங்கும் நாளிதழ்களில் வந்தது.

இனி ஒரு துண்டு ரொட்டி என்று நினைக்காதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று நினையுங்கள் என்பது அவர் கற்றுக்கொடுத்த பாடம். மெலிய விரும்பும் பெண்ணுக்கு அவர் வைத்த அளவு 1200. அவருடைய நடையில் நகைச்சுவை இருந்தது, தோழமை இருந்தது, கூடவே குற்றஞ்சாட்டலும் இருந்தது. முதல் உலகப்போரின் இறுதி ஆண்டு அது. உணவைப் பதுக்குவது தேசக்குற்றம். அப்படியானால் தன் உடம்பில் கொழுப்பாகப் பதுக்கிவைத்திருப்பவளை என்ன சொல்வது என்று கேட்டார். பருமனான பெண் போர்க்காலத்தில் ஏறக்குறைய துரோகியானாள்.

லுலுவை வில்லியாக்கி இக்கதையைச் சொல்வது எளிது. நான் அப்படிப் படிக்கவில்லை. மருத்துவ அறிவு ஆண்களின் கையில் இருந்தபோது, உன் உணவை நீயே கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று பெண்களிடம் சொன்னவர் அவர். அந்தக் கணக்கின் அதிகாரத்தைப் பெண்களிடம் கொடுத்தார். அத்தோடு ஓர் ஆயுள்தண்டனையும் கொடுத்தார். கணக்கை எந்நாளும் நிறுத்தக்கூடாது என்றார். அவருடைய உடலுக்கும் அவர் காலத்துக்கும் உரிய ஓர் எண், நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு, நூறாண்டு பயணம் செய்து, நம் விடுதி மாணவியிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே 1918இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். தீட்டிய அரிசியைத் தின்று கால்வீங்கிச் செத்தவர்களின் நோய் அது. வயிறு நிறைந்தும் சத்தில்லாமல் போவது எப்படி என்பது அங்கே கேள்வி. எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் கிடைத்த எலிகள் செழித்தன, அரிசியையே பெரிதும் நம்பிய மதராஸ் உணவை உண்டவை சிறுத்தன. அவருக்குப் பின் வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் காலத்தில், 1937இல், இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் குன்னூரிலிருந்து வெளிவந்தது. அந்த ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

ஒரே ஆண்டில் தொடங்கிய இரு கதைகள். கலிபோர்னியாவில் உணவு மிகுந்துவிட்டது என்ற கவலை; குன்னூரில் உணவில் ஏதோ இல்லை என்ற கவலை. இன்று நம் பெண்ணின் தட்டில் இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

எண் இறங்கிய காலம்

1920இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். அதே பத்தாண்டில் இடுப்பும் மார்பும் தெரியாத ஒல்லி உருவம் நாகரிகமாயிற்று. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் வந்தன என்பதை மட்டும் சொல்வேன். பத்தாண்டின் இறுதியில், இனிப்புக்குப் பதில் தங்கள் சிகரெட்டை எடுக்கச் சொல்லி லக்கி ஸ்ட்ரைக் நிறுவனம் பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தது. பம்ப்ளிமாஸ் இனத்துப் பழத்தை முன்னிறுத்திய 'ஹாலிவுட் பதினெட்டு நாள் டயட்' பரவியது. அதன் அளவு நாளுக்கு 600 கலோரியைக்கூடத் தொடவில்லை. லுலு வைத்த அளவு பத்தே ஆண்டில் பாதியாகிவிட்டது. நாள் கணக்கும் வந்துவிட்டது. 'பதினெட்டு நாளில்' என்ற அந்த வாக்குறுதிதான் இன்று 'பத்து நாளில் பத்துக் கிலோ' என்று நம் சுவரொட்டிகளில் இருக்கிறது.

பட்டினி கிடந்த முப்பத்தாறு பேர்

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடைதேட மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வை 1944 நவம்பரில் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் ஆயுதமேந்த மறுத்த இளைஞர்களில் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில் இருந்த அறைகளில் தங்கினார்கள்.

முதலில் மூன்று மாதம் சுமார் 3,200 கலோரி. பின்பு ஆறு மாதம் அதில் பாதி, சராசரியாக 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், கறுப்பு ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும். எடையில் கால்பங்கைக் குறைப்பது குறி. ஏறக்குறைய 69 கிலோ இருந்தவர்கள் 53 கிலோவுக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை 1950இல் இரு பெருந்தொகுதிகளாகக் கீஸ் குழு வெளியிட்டது. இதயத்துடிப்பு மந்தமானது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. கோடையிலும் குளிர்ந்தது. முடி உதிர்ந்தது. கால் வீங்கியது, உடல் நீரைத் தேக்கிக்கொண்டதால் உள்ளே தசை கரைவதைத் தராசு முழுதாகக் காட்டவில்லை. சிரிப்பு போயிற்று, காமம் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேகரித்து இரவெல்லாம் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒருவர் கோடரியால் தன் மூன்று விரல்களை வெட்டிக்கொண்டார். அது விபத்தா வேண்டுமென்றே செய்ததா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. விதியை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றவர்கள் இருந்தார்கள். இறுதியில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 32 பேர்.

சிறைக்கும் இழிசொல்லுக்கும் அஞ்சாமல் போரை மறுத்த மனவுறுதிக்காரர்கள் இவர்கள். திருடித் தின்றபோது அவர்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று கீஸ் எழுதவில்லை. அரைப்பட்டினியின் மனநோய்க் கூறு என்று எழுதினார். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டும் பசி அடங்காமல் தவித்தார்கள். மணிமேகலையின் காயசண்டிகைக்கு வந்த யானைத்தீ என்ற நோயைத் தமிழ் வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் அதைப் புராணக் கற்பனை என்கிறார்கள். எனக்கு மின்னசோட்டா நினைவு வரும். பட்டினிக்குப் பின் உடல் முதலில் கொழுப்பைத்தான் மீட்டுக்கொள்கிறது. இழந்த தசை பின்தங்குகிறது. டயட்டை நிறுத்தியபின் 'போட்ட எடைக்கு மேலே போட்டுவிட்டேன்' என்று பெண் சொல்வது இதைத்தான்.

இப்போது எண்களை வரிசையாக வைப்போம். பஞ்சக் கூலி 1,627. ஆய்வகப் பட்டினி 1,570. பெண்ணின் டயட் 1,200.

இந்த ஒப்பீட்டில் நியாயம் தவறக்கூடாது. முதலிரண்டும் உழைத்த, நெடுந்தொலைவு நடந்த ஆண்களின் உடல்கள். மின்னசோட்டா இளைஞர்கள் தேவையில் பாதியை உண்டார்கள். 1,660 தேவைப்படும் பெண் 1,200 உண்டால் அது நான்கில் ஒரு பங்குக் குறைப்பு. மருத்துவர்களும் இந்த எண்ணைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் 1998 மருத்துவ வழிகாட்டி எடை குறைக்கப் பெண்களுக்கு 1,000 முதல் 1,200 கலோரியும் ஆண்களுக்கு 1,200 முதல் 1,600 கலோரியும் சொன்னது; 800க்குக் கீழே போனால் சிறப்பு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்றது. மருத்துவர் பார்த்துச் சொல்லும் அளவு அது. கண்காணிப்பு இல்லாத இடத்தில் அந்த அளவே போட்டியாகிவிடுகிறது. 1,200 உண்பவள் சாதாரணமானவள், 900 உண்பவள் நல்லவள். நாள் முழுதும் நின்று வேலை பார்த்து 2,130 தேவைப்படும் பெண் 1,000 கலோரி உண்டால், அவளுக்கும் மின்னசோட்டா இளைஞருக்கும் விகிதத்தில் வேறுபாடு இல்லை.

முதல் வாரத்துத் தராசு

ஏமாற்றத்தின் விதை முதல் வாரத்திலேயே விழுகிறது. கல்லீரலிலும் தசையிலும் நம் உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. மொத்தம் அரைக்கிலோ அளவு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். உணவைத் திடீரென்று குறைத்ததும் உடல் முதலில் இந்தச் சேமிப்பை எடுக்கிறது. தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. சோறும் உப்பும் குறைந்தால் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். ஆக முதல் வாரத்து இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஒருநாள் கல்யாணச் சாப்பாட்டில் அதில் ஒரு பகுதி திரும்பிவந்துவிடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கி ஒரு கிலோ கூடுவதும் இயல்பு. ஒரே அளவு உண்ணும் பெண்ணின் தராசு மாதத்துக்குள் மேலும் கீழும் போகும். தினமும் காலையில் அதன்மேல் ஏறி நின்று தன் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் வாங்குபவளுக்கு இது யாராலும் சொல்லப்படுவதில்லை.

கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. 1958இல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற நியூயார்க் மருத்துவர் ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று வகுத்தார். கிலோவுக்கு ஏறக்குறைய 7,700. நாளுக்கு 500 குறைத்தால் வாரம் ஒரு பவுண்டு குறையும் என்று பாடநூல்களில் இது விதியாக அமர்ந்தது. உடல் மெலிய மெலியத் தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும் என்பதை விதி விட்டுவிட்டது. மின்னசோட்டா அதை ஏற்கெனவே காட்டியிருந்தது. கீஸ் திட்டமிட்ட எடைக்கோடே முதலில் விரைவாக இறங்கி, பின் மெதுவாகச் சமன்படும் வளைவுதான். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய கெவின் ஹாலும் அவர் குழுவினரும் 2011இல் 'தி லான்செட்' இதழில் கணக்கைத் திருத்தி எழுதினார்கள்.

எடுத்துக்காட்டாக, ஒருத்தி நாள்தோறும் 100 கலோரியை, சுமார் இரண்டு சிறிய இட்லியை, நிலையாகக் குறைக்கிறாள் என்று கொள்வோம். பழைய விதிப்படி ஓராண்டில் கிட்டத்தட்ட 5 கிலோவும் மூன்றாண்டில் 14 கிலோவும் குறைய வேண்டும். ஹால் குழுவின் கணக்குப்படி மொத்தம் குறையக்கூடியது ஏறக்குறைய 4 கிலோ. அதில் பாதி முதல் ஆண்டில், மீதியில் பெரும்பகுதி அடுத்த இரண்டாண்டுகளில். 14 கிலோவை எதிர்பார்த்து 4 கிலோ குறைந்தவளிடம் அவள் ஏமாற்றியதாகச் சொன்னோம். அவள் ஏமாற்றவில்லை. கணக்குதான் தப்பு.

பெண்ணுடலில் அளந்தபோது

1976இல் ராபர்ட் லின் என்பவர் 'கடைசி வாய்ப்பு டயட்' என்ற நூலை எழுதினார். தோல், எலும்பு போன்ற இறைச்சிக் கழிவிலிருந்து எடுத்த திரவப் புரதத்தை மட்டும் குடித்து நாளுக்கு 400 கலோரி அளவில் வாழும் முறை. நூல் பெருவிற்பனை கண்டது. அடுத்த ஆண்டே சாவுகள் வரத் தொடங்கின. அமெரிக்க அரசு அமைப்புகள் சுமார் 60 இறப்புகளை விசாரித்தன. வேறு காரணம் காட்ட முடியாதவை எனத் தேர்ந்து ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைந்து திடீரென்று இறந்தவர்கள். விரைவாக எடை குறைந்ததை வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தபோது தசையோடு இதயமும் மெலிந்துகொண்டிருந்தது.

ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஆன் லவுக்ஸ், மாதவிடாய் ஒழுங்காக இருந்த இளம்பெண்களிடம் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. உண்ட கலோரியிலிருந்து உடற்பயிற்சியில் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவது, கொழுப்பு நீங்கலான உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கலோரிக்குக் கீழே போனபோது, கருமுட்டை முதிர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு குலையத் தொடங்கியது. ஐந்தே நாட்களில். கொழுப்பு நீங்கலாக 40 கிலோ உடலுள்ள பெண்ணுக்கு அந்த எல்லை 1,200 கலோரி. அவள் அதை உண்டு ஒரு மணி நேரம் வேக நடையும் போனால் எல்லைக்குக் கீழே. ஆய்வில் பங்கேற்றவர்கள் பருமனில்லாதவர்கள். பருமனான உடலுக்கு அதை அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் நம் மாணவிகளில் 'டயட்' இருக்கும் பலர் பருமனில்லாதவர்கள்தாம்.

மின்னசோட்டா நடந்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி பெண்ணுடலில் இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின. இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் பிஎம்ஐ என்ற எடைக் குறியீட்டுக்கு 1972இல் அந்தப் பெயரை வைத்ததும் இதே ஆன்செல் கீஸ்தான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அளவுகளை வைத்து அதைச் சோதித்தார். அவர்கள் அனைவரும் ஆண்கள்.

நம் தட்டு

ஔவையின் பெயரால் வழங்கும் கொன்றைவேந்தனில், பெண் உணவைச் சுருக்கிக்கொள்வது அவளுக்கு அழகு என்னும் பொருளில் ஓரடி உண்டு. அளவாக உண்பதையே அது சொல்கிறது என்று தேற்றுவோர் உண்டு. அப்படியானால் அதை ஏன் பெண்ணுக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எஞ்சும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதைத் தின்று, மீன்தலையும் அடிப்பிடித்த சோறும் தன் பங்கு என்று பழகியவர்கள் நம் அம்மாக்கள். ஒருசந்தி, விரதம், நோன்பு என்று நாட்காட்டி முழுக்க அவர்களுக்கு உண்ணா நாட்கள். 1200 என்ற எண் இப்படியொரு வீட்டுக்குள் வந்தபோது அதற்கு வரவேற்பு காத்திருந்தது. கடவுளுக்காகவும் கணவனுக்காகவும் விட்ட வேளையை இப்போது உடலழகுக்காக விடுகிறோம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நால்வர் அதிக எடையுள்ளவர்கள். அதே ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. இரண்டும் வெவ்வேறு பெண்கள் என்று நினைக்க வேண்டாம். பல உடல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். குன்னூர் கேட்ட கேள்வியும் கலிபோர்னியா கேட்ட கேள்வியும் சந்திக்கும் இடம் இது. நிறையச் சோறு, கொஞ்சம் குழம்பு, ஒரு கரண்டி பொரியல் என்றிருக்கும் தட்டை அப்படியே பாதியாக்கினால் கலோரி பாதியாகும். இரும்பும் புரதமும் பாதியாகும். பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை என்று பரிந்துரைக்கப்படும் இரும்புச்சத்து 29 மில்லிகிராம். முழுத்தட்டிலேயே கிடைக்காதது அரைத்தட்டில் எங்கிருந்து வரும்? மயக்கம் வந்தால் டயட் 'வேலை செய்கிறது' என்கிறார்கள். முடி கொட்டினால் எண்ணெயை மாற்றுகிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் பரீட்சை பயம் என்கிறார்கள்.

எடை குறைக்க விரும்புவது பெண்ணியத்துக்கு விரோதம் என்று நான் கருதவில்லை. மூட்டுவலியோடு படியேறுகிறவளுக்கும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குகிறவளுக்கும் அது உடலின் தேவை. அவர்களுக்கு உண்மையான கணக்கைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்து இறக்கத்தைக் கொண்டாட வேண்டாம், மூன்றாம் வாரத்துத் தேக்கத்துக்கு அழவும் வேண்டாம். அந்த 1998 வழிகாட்டியே ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதைத்தான் இலக்காக வைத்தது. 70 கிலோ உள்ளவளுக்கு அது 7 கிலோ. சராசரியாக மாதம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அதில் பாதி குறைந்தாலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். சோற்றைக் குறைப்பவள் பருப்பையும் முட்டையையும் மீனையும் கீரையையும் கூட்ட வேண்டும். அதற்கு வீட்டில் முட்டை எண்ணிப் பங்கிடப்படும்போது அவள் பெயரும் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தொடங்குமுன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றால் உணவு போதவில்லையோ என்று முதலில் ஐயப்பட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நடுஇரவில் பசித்தால், பகலில் போதுமான அளவு உண்ணவில்லை என்று பொருள்; எழுந்து உண்ணலாம்.

1877இல் மதராஸில் ஒரு பவுண்டு தானியம் போதாது என்று சொல்ல ஒரு கார்னிஷ் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு அரசாங்கம் ஓரளவாவது அளவைக் கூட்டியது. தனக்குத் தானே கூலி குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு எதிராக எழுதிப் போராட அதிகாரி யாரும் இல்லை. பக்கத்து மேசையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவளிடம், 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்று நாம்தான் கேட்க வேண்டும்.